ரெஃப்ரி ஆக நினைக்கும் பிள்ளைகளுக்கு: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீரோடியிலிருந்து மணக்குடி வரை கடற்கரையில் எந்த ஊரை எடுத்தாலும் பந்து உதைக்கத் தெரியாத பையனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் 2019-ல் இந்திய அணிக்கே ஆடிவிட்டார். ஆனால் டோர்னமெண்ட் பைனல் அன்றைக்கு விசில் ஊத ஆள் வேண்டுமென்றால், கமிட்டிக்காரர்கள் காலையிலிருந்தே போனும் கையுமாக அலைவார்கள். இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் சிலர் இப்போது "ரெஃப்ரி சர்டிபிகேட் எடுக்கணும், எது நல்லது?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களும் வீட்டாரும் கேட்பவையும் நான் சொல்லும் பதில்களும் கீழே. பதில்களில் என் அபிப்பிராயமும் கலந்திருக்கும்.

"சாரே, முதல்ல எந்த சர்டிபிகேட் எடுக்கணும்?"

பதினொருவர் கால்பந்துக்கு இந்தியாவில் ஏணி ஒன்றுதான். அகில இந்திய கால்பந்து சம்மேளனம் ரெஃப்ரிகளை வகை பிரித்து வைத்திருக்கிறது. அடிப்படி கேட்டகிரி 5. அங்கிருந்து ஒவ்வொன்றாக ஏறினால் கேட்டகிரி 1, அதாவது தேசிய ரெஃப்ரி. அதற்கும் மேலே ஃபிஃபா பட்டியல். அடிப்படிக்கான வகுப்பும் தேர்வும் மாநிலச் சங்கம் வழியாக நடக்கும். நமக்கு அது தமிழ்நாடு கால்பந்து சங்கம். அதற்குப் போகும் வாசல் கன்னியாகுமரி மாவட்டக் கால்பந்து சங்கம்.

ஆகவே துணிக்கடையில் சட்டை எடுப்பதுபோல நாலைந்தை விரித்துப் பார்த்து ஒன்றைப் பொறுக்குகிற வேலை இங்கே கிடையாது. யோசிக்க வேண்டியது வேறு. இப்போதே எழுதுவதா, ஒன்றிரண்டு வருஷம் லைனில், அதாவது கோட்டோரம் கொடி பிடிக்கும் உதவி ரெஃப்ரியாக, நின்றுவிட்டு எழுதுவதா? எழுதி முடித்த பிறகு யார் ஆட்டம் கொடுப்பார்கள்? பக்கத்தில் நின்று திருத்த ஒரு மூத்த ரெஃப்ரி இருக்கிறாரா? இந்தக் கடைசிக் கேள்விக்கு 'இருக்கிறார்' என்று பதில் வந்தால் மற்றவை பெரிய விஷயமே இல்லை என்பது என் கணக்கு. சான்றிதழ் வாங்கியும் வருஷம் முழுக்க ஒரு ஆட்டம்கூடக் கிடைக்காத பையன் அடுத்த வருஷம் விசிலைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுவான். அப்படிப் போனவர்கள் நிறைய.

"ஆன்லைன்ல இன்டர்நேஷனல் ரெஃப்ரி டிப்ளமான்னு ஒண்ணு வருது. ரெண்டு நாள்ல தாராங்களாம்."

காசைக் கட்டாதீர்கள். சர்வதேச ரெஃப்ரி என்ற பெயர் ஃபிஃபா பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டுமே உரியது. அந்தப் பட்டியலுக்குப் பெயர் அனுப்புவது அந்தந்த நாட்டுச் சம்மேளனம். தனியாள் பணம் கட்டி உள்ளே போக வழியே இல்லை. வயதும் பார்ப்பார்கள். நடு ரெஃப்ரிக்குக் குறைந்தது 25, உதவி ரெஃப்ரிக்கு 23.

படிப்பதற்காக இணையத்தைப் பயன்படுத்துவது நல்லது. ஆட்ட விதிகளை எழுதுவது ஐஎஃப்ஏபி என்ற அமைப்பு. 1886-ல் தொடங்கியது. விதிப்புத்தகம் முழுவதையும் தன் தளத்திலும் செயலியிலும் இலவசமாக வைத்திருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு அதே புத்தகத்தைப் பிடிஎஃப்பாக அனுப்புகிறவர்கள் உண்டு, ஜாக்கிரதை.

"எனக்க மோனுக்கு 14 வயசுதான் ஆகுது. எழுத விடுவாங்களா?"

ஒவ்வொரு தேர்வு அறிவிப்பிலும் வயது வரம்பு அச்சாகி வரும். விண்ணப்பம் வாங்கும் முன் முதலில் அந்த வரியைப் படியுங்கள். விட்டாலும் சரி, விடாவிட்டாலும் சரி, 14-ல் தேர்வுக்கு அவசரம் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். அந்த வயதில் கற்க வேண்டியது லைன்.

கோடை லீவில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எங்காவது கேம்ப் நடக்கும். கடைசி நாளில் அவர்களுக்குள் ஆட்டம் வைப்பார்கள். அங்கே போய்க் கொடி கேட்கச் சொல்லுங்கள். புதுப் பையன் கொடியை வாங்கியதும் பந்தைப் பார்த்துக்கொண்டே நேராக ஓடுவான். நிற்க வேண்டிய இடம் பந்துக்கு நேர் அல்லவே! கடைசியிலிருந்து இரண்டாவது தடுப்பாட்டக்காரனுக்கு நேராக நிற்க வேண்டும். பந்து அவனையும் தாண்டிக் கோல் பக்கம் போய்விட்டால் பந்துக்கு நேராக. உடம்பு மைதானத்தைப் பார்த்தபடி பக்கவாட்டில் கால் போட்டு நகர வேண்டும். கொடி ரெஃப்ரி கண்ணில் படும் கையில் இருக்க வேண்டும். ஆஃப்சைடு என்று தோன்றிய உடனே கொடி மேலே போகக்கூடாது. ஆஃப்சைடு இடத்தில் நின்றவன் ஆட்டத்தில் தலையிடுகிறானா என்று பார்க்க வேண்டும். பந்து அவனைத் தொடாமல் பின்னாலிருந்து ஓடிவந்த வேறொருவனிடம் போயிருக்கலாம். ரெஃப்ரி விசில் ஊதியதும், குற்றம் நடந்தது எதிர்ப்பக்கம் என்றால் கொடி சாய்வாக மேலே, நடுவில் என்றால் தோளுக்கு நேராக, தன் பக்கம் என்றால் சாய்வாகக் கீழே. இவ்வளவும் படிக்க ஐந்து நிமிஷம் போதும். கால் பழக ஒரு சீசன் ஆகும்.

லைன் பழகியபின் சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் நடுவில் நிற்கட்டும். தன்னைவிட இரண்டு மூன்று வயதாவது சிறியவர்களாக இருந்தால் நல்லது. தன் வயதுக்காரர்களுக்கு ஊதப் போனால், மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதே பயல்களோடு ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும். பெரியவர்கள் ஆட்டத்துக்கு, 'ஆள் இல்லை, சும்மா நில்லு மக்கா' என்று யார் கெஞ்சினாலும் அனுப்பாதீர்கள்.

"நம்ம ஊர் செவன்ஸ்ல நல்லா விசில் அடிக்கான். அது போதாதா?"

ஊரில் பெயர் எடுக்க அது போதும். ஏணியில் ஏற அது கணக்கில் வராது. எழுவர் ஆட்டத்தைச் சம்மேளனம் தன் போட்டியாக நடத்துவதில்லை. விதியும் ஊருக்கு ஊர் மாறும். ஆஃப்சைடு உண்டா, ஆளை எத்தனை முறை மாற்றலாம், சமன் ஆனால் நேராகப் பெனால்டியா எல்லாமே கமிட்டி நோட்டீஸில் அச்சடித்தபடிதான்.

அதற்காகச் செவன்ஸை இளக்காரமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. சின்ன மைதானம், பந்து ஒரு கோலிலிருந்து மறு கோலுக்கு நாலே உதையில் போய்விடும், கயிற்றுக்கு வெளியே ஊரே நிற்கும். அங்கே பதற்றமில்லாமல் ஃபவுல் சொல்லப் பழகியவனுக்குப் பள்ளி மைதானத்தில் நூறு பேர் கத்துவது காதிலேயே விழாது.

கெட்ட பழக்கங்களும் அங்கிருந்துதான் தொற்றும். நடு வட்டத்தில் நின்ற இடத்திலிருந்தே ஊதுவது அவற்றில் முதலாவது. சின்ன மைதானத்தில் எல்லாம் தெரியும், ஓடத் தேவையில்லை. பதினொருவர் மைதானம் நீளவாக்கில் 90 முதல் 120 மீட்டர் வரை. அங்கே நின்ற இடத்திலிருந்து ஊதினால் பெனால்டி எல்லைக்குள் யார் காலை யார் தட்டினார் என்பது மங்கலாகத்தான் தெரியும். இரண்டாவது, கூட்டம் கத்தினால் ஊதுவது. மூன்றாவது, போன ஃபவுலை விட்டுவிட்டோமே என்று அடுத்ததில் ஈடுகட்டுவது. தேர்வில் மைதானப் பகுதியைப் பார்க்க வருகிறவர் இந்த மூன்றையும் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்.

செவன்ஸ் ஊதட்டும். அதோடு பள்ளி மைதானப் பதினொருவர் ஆட்டம் எங்கே நடந்தாலும் போய் லைன் நிற்கட்டும்.

"பி.பி.எட். முடிச்சிருக்கேன். தனியா ரெஃப்ரி தேர்வு வேணுமா?"

பள்ளிக்கல்வித் துறை நடத்தும் குறுவட்ட, மாவட்டப் போட்டிகளில் உடற்கல்வி ஆசிரியர்கள் விசில் ஊதுவது வழக்கம். பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகள் அப்படித்தான் ஓடுகின்றன. சங்கத்தின் லீக், மாநிலப் போட்டி என்று போக வேண்டுமானால் ரெஃப்ரி தேர்வு எழுதியாக வேண்டும். பட்டம் இருப்பதால் விதி தெரிந்திருக்கும் என்று தேர்வாளர் எண்ண மாட்டார். சில ஆசிரியர்கள் தாம் கல்லூரியில் படித்த காலத்து விதியையே இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறார்கள்.

"கோச்சிங் டி லைசென்ஸ் எடுத்தா ரெண்டுக்கும் ஆகுமா?"

ஆகாது. அது பயிற்சியாளர் ஏணியின் படி. பயிற்சியாளராக வேண்டும் என்று பிள்ளை முடிவு செய்துவிட்டால் அந்தப் பக்கம் போகட்டும். இரண்டையும் ஒரே வருஷத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஃபுட்சால் பற்றியும் கேட்கிறார்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப்களில் ஆடுவதைப் பலர் ஃபுட்சால் என்றே சொல்கிறார்கள். உண்மையான ஃபுட்சாலுக்குத் தனி விதிப்புத்தகம் உண்டு. கடினத் தரை, ஐந்து பேர், இரண்டு ரெஃப்ரிகள், பந்து வெளியே போனால் நிற்கும் கடிகாரம், எண்ணி வைக்கப்படும் ஃபவுல்கள். ஆஃப்சைடு கிடையாது. முதலில் பெரிய ஆட்டத்தின் தேர்வை முடித்துவிட்டு அதை யோசிக்கலாம்.

"எழுத்துத் தேர்வுல என்ன கேப்பாங்க? தமிழ் மீடியம் பிள்ளைக்குக் கஷ்டமா?"

விதிகள் மொத்தம் 17. ஐஎஃப்ஏபி அதிகாரபூர்வமாக வெளியிடுவது ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் மொழிகளில். அதனால் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குப் பயம் வருகிறது. பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. கதைப் புத்தக ஆங்கிலம் அங்கே கிடையாது. கிரவுண்டில் தினம் சொல்லும் வார்த்தைகளே திரும்பத் திரும்ப வரும். த்ரோ, கார்னர், கோல் கிக், டிராப் பால், காஷன், சென்டிங் ஆஃப். ஒரு நோட்டில் இடப்பக்கம் விதியை ஆங்கிலத்தில் எழுதி, வலப்பக்கம் கிரவுண்டில் பேசுகிற தமிழில் தானே எழுதிப் பார்த்தால் பாதிப் பயம் போய்விடும். அதைப் பிள்ளைக்காக நீங்கள் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

சங்கடம் மொழியைவிட, 'எனக்குத் தெரியும்' என்ற நினைப்பில் இருக்கிறது. ஆடித் தெரிந்துகொண்டது வேறு, விதியில் இருப்பது வேறு. கீழே உள்ளவற்றை ஊரில் நன்றாக ஆடும் பையன்களிடம் கேட்டுப் பாருங்கள்.

த்ரோ எறிந்த பந்து யார் மேலும் படாமல் நேராக எதிரணிக் கோலுக்குள் போனால்? கோல் கிக். அதே பந்து தன் சொந்தக் கோலுக்குள் போனால்? எதிரணிக்குக் கார்னர். இரண்டுக்கும் 'கோல்' என்று அடித்துச் சொல்கிறவர்களைப் பார்க்கலாம்.

த்ரோவிலிருந்து நேராகப் பந்து வாங்கியவன் ஆஃப்சைடு இடத்தில் நின்றால்? குற்றமில்லை. கோல் கிக்குக்கும் கார்னருக்கும் இதே பதில்தான்.

கோலி பந்தைக் கையில் எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்? ஆறு நொடி என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள், எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். 2025-26 சீசனிலிருந்து அது எட்டு நொடி. மீறினால் எதிரணிக்குக் கார்னர். கடைசி ஐந்து நொடியை ரெஃப்ரி கையைத் தூக்கி விரலால் எண்ணிக் காட்ட வேண்டும். பழைய பிடிஎஃப்பை வைத்துப் படிக்கிறவன் இந்த ஒரு கேள்வியில் மாட்டிக்கொள்வான். விதி மாற்றங்கள் வழக்கமாக ஜூலை 1-ல் நடைமுறைக்கு வரும். எந்த வருஷப் புத்தகம் என்று அட்டையைப் பார்த்துவிட்டுப் படிக்க ஆரம்பியுங்கள்.

நாய் உள்ளே ஓடிவந்து பந்தில் மோதிவிட்டது. என்ன செய்வது? நம் கடற்கரை கிரவுண்டுகளில் இது வெறும் புத்தகக் கேள்வியா என்ன! ஆட்டம் தடைபட்டால் நிறுத்தி, டிராப் பாலில், அதாவது ரெஃப்ரி பந்தைக் கையிலிருந்து கீழே விட்டு, தொடங்க வேண்டும். பெனால்டி எல்லைக்குள் என்றால் பந்து தடுக்கும் அணியின் கோலிக்கு. மற்ற எல்லோரும் நாலு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்.

ஒரு அணியில் எத்தனை பேர் இருந்தால் ஆட்டம் நடக்கும்? ஏழு. அதற்குக் கீழே போனால் தொடங்கவும் கூடாது, தொடரவும் கூடாது.

எழுத்துத் தேர்வில் பெனால்டி புள்ளி 11 மீட்டர், ஃப்ரீ கிக்குக்கு எதிரணி தள்ளி நிற்பது 9.15 மீட்டர், கோல் அகலம் 7.32, உயரம் 2.44 என்ற எண்களை மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். எண்கள் வேண்டும்தான். 'இன்னது நடந்தது, நீ என்ன செய்வாய், ஆட்டம் எப்படி மீண்டும் தொடங்கும், யாருக்குக் கார்டு' என்று மூன்று கொக்கி வைத்துக் கேட்கும் கேள்விகளில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். ஆட்டம் எப்படி மீண்டும் தொடங்கும் என்பதை மட்டும் தினமும் பத்து நிலைமைக்குச் சொல்லிப் பழகினால் பெரும் பங்கு வந்துவிடும்.

"ஓட்டத் தேர்வு உண்டாமே?"

உண்டு. அடிப்படி நிலையில் எது கேட்பார்கள் என்பது அறிவிப்பில் இருக்கும். உச்சியில் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது, கால் எங்கே போக வேண்டும் என்று புரியும். ஃபிஃபா ஆண் ரெஃப்ரிக்கு 40 மீட்டர் வேக ஓட்டம் ஆறு முறை, ஒவ்வொன்றும் ஆறு நொடிக்குள். பிறகு 75 மீட்டரை 15 நொடியில் ஓடி, 25 மீட்டரை 18 நொடியில் நடந்து, இப்படியே நாற்பது முறை. மொத்தம் நாலாயிரம் மீட்டர். பெண் ரெஃப்ரிக்கு 40 மீட்டருக்கு 6.4 நொடி, 75 மீட்டருக்கு 17 நொடி, நடைக்கு 20 நொடி.

கடற்கரைப் பிள்ளைகள் மணலில் ஓடி வளர்ந்தவர்கள், மூச்சு இருக்கும். ஆனால் நிறுத்தி நிறுத்தி ஓடுவது தனிப் பழக்கம். நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்துக்குக் காலையில் போய், கூட ஒருவன் விசில் ஊத, ஓட்டமும் நடையும் மாற்றி மாற்றிப் பழகட்டும். தேர்வுக்கு முந்தின வாரம் தொடங்கினால் பின்னந்தொடை பிடித்துக்கொள்ளும்.

"பொம்பளப் பிள்ளை போகலாமா?"

ஏன் போகக்கூடாது? திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி இந்த ஏணியில் ஏறித்தான் 2016-ல் ஃபிஃபா ரெஃப்ரி ஆனார். 2022 உலகக் கோப்பையில் கோஸ்டாரிகா ஜெர்மனி ஆட்டத்தை பிரான்சின் ஸ்டெஃபனி ஃப்ராபார் நடுவில் நின்று நடத்தினார், இரண்டு லைனிலும் பெண்களே. ஆண்கள் உலகக் கோப்பையில் அதுவே முதல் தடவை.

நம் மாவட்டத்தில் அம்மாக்கள் கேட்பது இதுவல்ல. உடை மாற்ற அறை இருக்குமா, இருட்டுவதற்குள் பஸ் கிடைக்குமா, கூட இன்னொரு பெண் இருப்பாளா என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கேள்விகள். ஆட்டம் ஒதுக்குகிறவரிடம் இவற்றை முன்கூட்டியே நேராகக் கேளுங்கள், கேட்பதால் பெயர் கெடாது. இரண்டு மூன்று பெண் பிள்ளைகள் சேர்ந்து தேர்வு எழுதினால் மூவரையும் ஒரே ஆட்டத்துக்கு ஒதுக்கச் சொல்லிக் கேட்க முடியும். பெண்கள் பள்ளிப் போட்டிகளுக்கே பெண் ரெஃப்ரி கிடைப்பது அபூர்வம் என்பதால் ஆட்டத்துக்குப் பஞ்சம் இருக்காது.

"எங்க வீடு நீரோடியில. பொழியூர்ல ஆடப் போறவன் கேரளாவுலயே எழுதினா என்ன?"

மேற்கு எல்லையில் இது உண்மையான குழப்பம். நாலு எட்டு வைத்தால் பொழியூர், நாகர்கோவிலுக்கோ பஸ் பிடிக்க வேண்டும். அந்தப் பக்கம் கேரள கால்பந்து சங்கம், இந்தப் பக்கம் தமிழ்நாடு. ரெஃப்ரி ஒரு மாநிலச் சங்கத்தின் கீழ் பதிவாகிறவர். அங்கிருந்துதான் ஆட்டமும் வரும், அடுத்த படிக்குப் பெயரும் போகும். அடுத்த நாலு வருஷம் பிள்ளை எங்கே இருக்கப்போகிறான் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். திருவனந்தபுரத்தில் கல்லூரி என்று உறுதியாகிவிட்டால் அங்கே எழுதலாம். ஆட்டம் கிடைக்கும், வகுப்பு நடத்தும் மூத்தவர்களும் கிடைப்பார்கள். தூத்தூரிலோ நாகர்கோவிலிலோ படிக்கப்போகிறவன் இங்கேயே எழுதட்டும். முகவரிச் சான்று எந்த மாநிலத்தது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விண்ணப்பித்து வைப்பது வேண்டாம்.

"கண்ணாடி போட்டிருக்கானே?"

தடையில்லை. பந்து பட்டாலும் உடையாத விளையாட்டுக் கண்ணாடியோ, லென்ஸோ வாங்கிக் கொடுங்கள். கூட்டத்தில் ஒருவன் அதைப் பற்றிக் கத்தத்தான் செய்வான்.

"அடி கிடி வாங்கிட்டு வந்துட்டா?"

இந்தக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். திட்டு நிச்சயம் விழும். 'கண்ணு தெரியாதா லே', 'எவ்வளவு லே வாங்கின' என்பதெல்லாம் சாதாரணம். கை நீட்டுவது அரிது, ஆனால் நடந்திருக்கிறது. பள்ளிப் பையன் விசிலோடு நிற்கும்போது அப்பா வயதுள்ள ஒருவர் கோட்டைத் தாண்டி வந்து கத்தினால், அந்தப் பையன் அதன்பின் கிரவுண்டுக்கே வரமாட்டான். நல்ல ரெஃப்ரிகளை நாம் இப்படித்தான் தொலைக்கிறோம், தேர்வில் தோற்று அல்ல.

பிள்ளையைக் கூப்பிடும் கமிட்டியிடம் முன்பே பேசிவிடுங்கள். கூப்பிட்டவர், அல்லது ஒரு மூத்த ரெஃப்ரி, ஆட்டம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். ஆட்டத்துக்கு முன் இரண்டு கோச்களையும் அழைத்து, 'இவன் படிக்கிற பையன், தப்பு இருந்தா என்கிட்ட வாங்க' என்று சொல்ல வேண்டும். மூத்தவர் சொல்லும் இந்த ஒரு வாக்கியம் பாதிச் சத்தத்தை அடக்கிவிடும். சொந்த ஊர் அணி ஆடும் ஆட்டத்துக்கு அனுப்பாதீர்கள். பக்கத்து ஊரோடு பழைய தகராறு இருந்தால் அங்கேயும் வேண்டாம். பங்குத் திருவிழா டோர்னமெண்ட் என்றால் சாமியாரே முன் வரிசையில் இருப்பார், அங்கே ஓரளவு அடக்கம் உண்டு. ஆனாலும் பைனல் வேண்டாம்.

பையனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அதிகாரங்களும் உண்டு. கோட்டுக்கு வெளியே இருக்கும் கோச்சுக்கும் மேனேஜருக்கும் கார்டு காட்டலாம், 2019 முதல் விதியில் அது இருக்கிறது. பார்வையாளருக்குக் கார்டு கிடையாது. ஆனால் வெளியாள் தலையீட்டால் ஆட்டத்தை நிறுத்தவும், அப்படியே கைவிடவும் ரெஃப்ரிக்கு உரிமை உண்டு. பயம் வந்தால் பந்தை எடுத்துக்கொண்டு மூத்தவர் நிற்கும் பக்கம் நடந்து வந்துவிட வேண்டும், ஓடக்கூடாது. நடந்ததை அன்றிரவே எழுதிக் கொடுக்க வேண்டும். யார், எத்தனையாவது நிமிஷம், என்ன சொன்னார், அவ்வளவு போதும். கோபத்தை அதில் கலக்கக்கூடாது.

ஒரு வார்த்தை அப்பாக்களுக்கும். உங்கள் பிள்ளை ஊதும் ஆட்டத்தில் நீங்கள் கூட்டத்தோடு சண்டைக்குப் போகாதீர்கள். பிள்ளைக்கு அதைவிட அவமானம் வேறில்லை.

"காசு கிடைக்குமா?"

ஆட்டத்துக்கு இவ்வளவு என்று தருவார்கள், பஸ் காசும் சாப்பாடும் சேரும். பாக்கெட் மணி என்று நினைத்துக்கொள்ளலாம், சம்பளம் என்று நினைக்க வேண்டாம். ஜெயித்த அணிக்காரர் தனியாக நீட்டும் நோட்டை வாங்கக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுங்கள், அன்பாகக் கொடுத்தாலும் சரி.

"என்னென்ன வாங்கணும்?"

விசில் இரண்டு, ஒன்று சத்தம் போடாமல் போனால் மற்றது. உள்ளே மணி இல்லாத ஃபாக்ஸ் 40 வகை விசில் மழையிலும் ஊதும். ஐப்பசி அடைமழையில் மணி விசில் தண்ணீர் குடித்துவிட்டு முனகும். மஞ்சள், சிவப்பு கார்டு, நிறுத்திப் போடும் வசதியுள்ள சாதாரண வாட்ச், சின்ன நோட்டு, பேனாவைவிடப் பென்சில். டாஸ் போட ஒரு நாணயம். பேட்ஜ் தைத்த சட்டையைத் தேர்வு முடியும் வரை வாங்க வேண்டாம். இங்கே பலர் அதைத்தான் முதலில் வாங்குகிறார்கள்.

"ஆடிக்கிட்டே ரெஃப்ரியா இருக்கலாமா?"

சின்ன வயதில் இருக்கலாம். ஆடுகிறவன் எப்போது பொய்யாக விழுவான் என்று ஆடுகிறவனுக்குத்தான் தெரியும். தன் கிளப் இருக்கும் லீக்கில் மட்டும் ஊதக்கூடாது. 20, 21 வயதில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வரும், ஏனென்றால் இரண்டு ஆட்டமும் ஞாயிற்றுக்கிழமையில்தான் இருக்கும்.

"நியூஜெர்சியில எங்க தங்கச்சி மகன் 13 வயசுல லைசென்ஸ் வாங்கிட்டானே?"

அங்கே ஏற்பாடே வேறு. அமெரிக்க கால்பந்து சம்மேளனம் முன்பு கிரேடு 9, 8, 7 என்று வைத்திருந்த கீழ்ப்படிகளை 2019-ல் 'கிராஸ்ரூட்ஸ்' என்ற ஒரே லைசென்ஸாகச் சேர்த்துவிட்டது. 13 வயது நிரம்பினால் போதும். கொஞ்சம் இணையத்திலும் கொஞ்சம் நேரிலும் படித்துவிட்டு, வார இறுதியில் சின்னப் பிள்ளைகள் ஆட்டம் ஊதலாம். இங்கிலாந்தில் 14. அங்கே ஒவ்வொரு ஊரிலும் சனி, ஞாயிறு முழுக்கச் சின்னப் பிள்ளைகளுக்கு லீக் நடக்கிறது, விசில் ஊத அவ்வளவு ஆள் வேண்டும், பிள்ளைகளையே பழக்குகிறார்கள். நம் மாவட்டத்தில் பத்து வயதுக்காரர்களுக்கு வாரா வாரம் லீக் இல்லை. லைசென்ஸ் இல்லாதது பெரிய குறையாக எனக்குப் படவில்லை, லீக் இல்லாததுதான் குறை.

அந்த லைசென்ஸ் இங்கே செல்லாது. லீவுக்கு ஊருக்கு வரும் பையன் கேம்ப் ஆட்டத்தில் ஊதிக் காட்டட்டும், நம் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

"எவ்வளவு தூரம் போக முடியும்?"

2002 உலகக் கோப்பையில் தமிழ்நாட்டுக்காரரான கோமளீஸ்வரன் சங்கர் உதவி ரெஃப்ரியாகக் கொடி பிடித்தார். வீட்டுச் சுவரில் ஆட்டக்காரர்கள் படத்தை ஒட்டி வைத்திருக்கும் நம் பையன்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

கணக்காகப் பார்த்தால், 18-ல் அடிப்படித் தேர்வு முடித்தவனுக்கு ஃபிஃபாவின் குறைந்தபட்ச வயது வரை ஐந்து முதல் ஏழு வருஷம் இருக்கிறது. அதற்குள் நாலு படி ஏற வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தேர்வு, ஓட்டம், போதுமான ஆட்டங்கள். யாருக்கும் எளிதில்லை. 30 வயதில் தேசிய ரெஃப்ரி ஆனாலும் பெரிய விஷயம்தான்.

"பன்னிரண்டாம் வகுப்பு வருஷத்துல எழுதலாமா?"

வேண்டாம். பொதுத்தேர்வு முடிந்த கோடையில் எழுதட்டும்.

"சரி, யாரைப் போய்ப் பார்க்கணும்?"

மாவட்டச் சங்க லீக் ஆட்டம் நடக்கும் நாளில் கிரவுண்டுக்குப் போங்கள். ஆட்டம் முடிந்து ரெஃப்ரி பூட்ஸ் கழற்றிக்கொண்டிருக்கும்போது பேச்சுக் கொடுத்தால் போனில் கிடைக்காத விவரமெல்லாம் கிடைக்கும். ஆட்டம் தொடங்கும் முன் போய்த் தொந்தரவு செய்யாதீர்கள். கேட்க வேண்டியவை: அடுத்த வகுப்பு எப்போது, எங்கே, கட்டணம் எவ்வளவு, ரசீது உண்டா, தேர்ச்சிப் பட்டியலை மாநிலச் சங்கம் வெளியிடுமா, போன முறை தேறியவர்களில் எத்தனை பேர் இப்போது ஆட்டம் ஊதுகிறார்கள். கடைசிக் கேள்விக்கு அவர் பெயர் சொல்லிப் பதில் தந்தால், அந்தப் பெயர்க்காரர்களில் ஒருவரை அடுத்த ஆட்டத்தில் பிடித்து, பிள்ளையை அவர் பின்னால் லைனுக்கு அனுப்புங்கள். விண்ணப்பத்தைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.